பிறர் சொல் ஓர் அமானிதம்

நூல் ஒன்றைக் கையில் எடுத்தால் அட்டையில் ஆசிரியரின் பெயரைக் காண்கிறோம். உள்ளே பதிப்பகத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கும். இவர்களுக்கு நடுவே, அந்நூலை வரிவரியாகச் செப்பம் செய்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது. எந்நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், வீட்டிலிருந்தபடியே பிரதிகளைத் திருத்தித் தந்து, பக்கக் கணக்கில் கூலி பெறுபவர் அவர். இந்த வாரம் மருத்துவ நூல், அடுத்த வாரம் பயண நூல் என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும். ஒற்று மிகுமா, மிகாதா? ‘இபுறாகீம்’ என்பதா, ‘இப்ராஹீம்’ என்பதா? ஒரே நூலில் இரண்டும் வரலாமா? பிறருக்கு அற்பமாகத் தோன்றும் இக்கேள்விகளே அவருடைய உறக்கத்தைக் கெடுப்பவை.

இத்தொழிலில் பல்லாண்டுகள் கழித்தவன் என்ற முறையில், இதில் உறைந்துள்ள அறக்கேள்வி ஒன்றை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். பிறர் எழுதியதைத் திருத்தும் உரிமை நமக்கு எதுவரை உண்டு?

கடற்கரைப் பட்டினம் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தம் இளமை நினைவுகளை எழுதியிருந்தார். பிரதி என்னிடம் வந்தது. எழுத்துப் பிழைகள் ஏராளம்; அவற்றைக் களைந்தேன். அத்துடன் நின்றிருக்கலாம். ‘வாப்பா மவுத்தானார்கள்’ என்றிருந்ததைத் ‘தந்தை இறந்தார்’ என்று மாற்றினேன். ‘ராத்தா’ தமக்கையானார். ‘பசியாறினோம்’ என்பது ‘காலை உணவு உண்டோம்’ என்றாயிற்று. நல்ல தமிழில் ஆக்கிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம். மெய்ப்பைப் படித்த அம்மூதாட்டி என்னை அழைத்துச் சொன்னார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதிலே எங்க வாப்பாவைக் காணோமே!”

அச்சொல் என்னைச் சுட்டது. ‘மவுத்தானார்கள்’ என்பதில் இருந்த கண்ணியமும், இறைவனிடம் மீள்வது பற்றிய நம்பிக்கையும், ஒரு வீட்டின் குரலும் என் பேனா முனையில் மறைந்திருந்தன. பொருள் மாறவில்லை, ஆள் மாறிப்போனார்.

‘பொருள் மாறவில்லையே’ என்பதுதான் திருத்துவோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அது போதுமா? உறங்கச் செல்லுமுன் ஓத வேண்டிய ஒரு துஆவை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களுக்குக் கற்பித்தார்கள். அவர் அதைத் திரும்ப ஓதிக் காட்டுகையில் ‘நபி’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘ரஸூல்’ என்றார். பெருமானார் ரஸூலும் ஆவார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கற்பித்தபடி ‘நபி’ என்றே சொல்லுமாறு திருத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்ச்சி இது. இறைவனிடம் இறைஞ்சும் சொல்லுக்கும் நம் எழுத்துக்கும் தகுதியில் பெரும் வேறுபாடு உண்டு. எனினும், பொருள் ஒத்திருப்பதால் மட்டுமே ஒரு சொல் மற்றொன்றின் இடத்தைப் பிடித்துவிடாது என்ற பாடம் நமக்கும் உரியது.

அப்படியானால் எதையும் தொடக்கூடாதா? அதுவும் நேர்மையாகாது. ஆண்டு தவறாக இருந்து, அதை அறிந்தும் விட்டுவைத்தால் வாசகருக்கு இழைக்கும் வஞ்சனை அது. ஆசிரியரின் குரலைக் காப்பதும் வாசகருக்கு உண்மை சேர்ப்பதும் என இரண்டு அமானிதங்கள் ஒரே கையில் இருக்கின்றன. இரண்டையும் எவ்வாறு காப்பது?

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ், டமாஸ்கஸில் ஹதீஸ் கற்பித்த பேரறிஞர். ஹதீஸ் ஏடுகளைப் படியெடுக்கும் முறையை அவர் தம் நூலில் விளக்குகிறார். முறைப்படி அறிவிக்கப்பட்டு வந்த ஒரு சொல் பிழைபோலத் தோன்றினால், அதன்மேல் ‘ஸாத்’ எழுத்தின் தலைபோல் தொடங்கும் ஒரு கோட்டை இட வேண்டும். சொல்லை அப்படியே விட்டுவிட வேண்டும். சரியெனத் தோன்றுவதை ஓரத்தில் எழுதலாம். இன்று நமக்குப் பிழையாகத் தெரிவதற்கு நாளை வேறொருவர் சரியான விளக்கம் காணக்கூடும் அல்லவா? ‘எனக்கு ஐயம், ஆனால் முடிவு என்னுடையது அன்று’ என்று அறிவிக்கும் அடக்கம் அந்தச் சிறு கோட்டில் இருக்கிறது.

தமிழிலும் அத்தகைய அடக்கத்தைக் காணலாம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றியவர் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர். தாமே காப்பியங்கள் பாடியவர். பெருமானாரின் வாழ்வு முழுவதையும் உமறு பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பாடிய பனீ அகுமது மரைக்காயரின் நூல் ‘சின்னச் சீறா’ என்ற தனிப்பெயரோடு நிற்கிறது. எது யாருடைய சொல் என்பதில் மயக்கமில்லை.

ஆகவே, திருத்துவது குற்றமன்று. மறைவாகத் திருத்துவதே குற்றம் என்ற முடிவுக்கு வந்தேன். எழுத்துப் பிழையைக் களையலாம். செய்தி பிழையென்றால் ஓரத்தில் எழுதிக் கேட்க வேண்டும். நடை பிடிக்கவில்லையென்றால், அது நம் நடையன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். செய்த மாற்றங்கள் அனைத்தையும் ஆசிரியர் காணும்படி வைக்கக் கணினியில் இன்று வசதி இருக்கிறது. அதை அணைத்துவிட்டு வேலை செய்தால் எந்தப் பதிப்பாளரும் கேட்கப் போவதில்லை. கேட்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற அச்சமே தனியே அமர்ந்து தொழில் செய்பவனுக்குக் கண்காணிப்பு.

அன்றிரவே அமர்ந்து, அம்மூதாட்டியின் சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். பிழை நீக்கப்பட்ட பக்கங்களில் ராத்தா வந்தார், வீட்டார் பசியாறினார்கள், வாப்பா மவுத்தானார்கள். நூல் அப்படியே வெளிவந்தது. அதில் என் பெயர் இல்லை. அவருடைய குரல் இருக்கிறது. என் கூலி அதில் நிறைந்துவிட்டது.