நாலு மணிப் பசி

மேசை வேலை பார்ப்பவர்கள் எடை கூடினால் முதலில் மதியச் சோற்றைத்தான் குறைக்கிறார்கள். கை வைக்க வேண்டிய இடம் வேறு. டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாலு டீ குடித்தால் சர்க்கரை மட்டுமே சுமார் 32 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கூடவே வரும் பிஸ்கட்டும் பஜ்ஜியும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. மதியம் அரை வயிறாக எழுந்தவருக்குத்தான் நாலு மணிக்கு அவற்றின் மேல் கை நீள்கிறது. அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் பங்கேற்றவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை.

மாலையில் நடந்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். நடையை விடவே கூடாது. இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் அது நல்லது. ஆனால் அரை மணி நடையில் செலவாகும் கலோரியை அந்த நாலு டீயின் சர்க்கரையே ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். பிஸ்கட், பஜ்ஜிக்குப் பதிலாக வேறு எதையும் சமைக்க நேரமில்லை என்பதையும் ஏற்க முடியவில்லை. இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் குக்கரில் வெந்துவிடும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து டப்பாவில் அடைத்தால் போதும். புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்த அந்தச் சுண்டல் இரவுச் சாப்பாடு வரை பசி தாங்கும், சிப்ஸ் பாக்கெட் தாங்காது.