பராந்தகன் குந்தவையும் பின்த் முபாரக்கும்

அபுதாபியில் வெயில் தாழ்ந்ததும் நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு போய் உட்காரும் உம்முல் இமாராத் பூங்காவுக்கு ஒரு பெண்ணின் சிறப்புப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ‘அமீரகத்தின் அன்னை’ என்று இந்த நாடு அழைக்கும் ஷேக்கா ஃபாத்திமா அவர். அமீரகத்தை நிறுவிய ஷேக் சாயித் பின் சுல்தான் அல் நஹ்யானின் துணைவியார். இன்றைய அதிபரின் தாயார்.

அவருடைய முழுப்பெயர் ஃபாத்திமா பின்த் முபாரக் அல் கெத்பி. ‘பின்த்’ என்றால் மகள்; முபாரக் அவரைப் பெற்றவர். கெத்பி அவர் பிறந்த குலம். கணவரின் பெயரோ நஹ்யான் குடும்பப் பெயரோ அதில் இல்லை. கத்தாரின் முன்னாள் அமீரை மணந்த மோசா பின்த் நாசர், இன்றும் அல் மிஸ்னத்தான். கணவரின் குடும்பப் பெயரான அல் தானி ஆகவில்லை. பஹ்ரைன் மன்னரின் துணைவி சபீக்கா பின்த் இப்ராஹீமுக்கு அல் கலீஃபா என்ற பெயர் இருப்பதும் அவர் அந்தக் குடும்பத்திலேயே பிறந்தவர் என்பதால்.

பிரிட்டனில் வழக்கம் வேறு. 1978இல் இளவரசர் மைக்கேலைக் கைப்பிடித்த மரீ கிறிஸ்டீனை முறைப்படி ‘கென்ட் இளவரசி மைக்கேல்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அவருக்குப் பெற்றவர்கள் இட்ட பெயர் அதில் எங்கே? 1996இல் மணமுறிவு ஆனபோது டயானாவிடமிருந்து ‘மேன்மைதங்கிய’ என்ற அடைமொழியையும் எடுத்துக்கொண்டார்கள். வருங்கால மன்னரைப் பெற்ற தாய் என்பதுகூட அதைத் தடுக்கவில்லை. எனக்கு இன்றும் மனம் ஆறாத செய்தி அது.

பெயர் நிலைத்துவிட்டால் பெண்ணுக்கு எல்லா உரிமையும் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தந்தையின் பெயர் வரும் இடத்தில் தாயின் பெயர் வருவதில்லையே என்ற குறையும் எனக்கு உண்டு. ஆனாலும் ஷேக்கா ஃபாத்திமா 1975இல் பொது மகளிர் சங்கத்தைத் தொடங்கிப் பெண்கல்விக்காகப் பாடுபட்டது தம் சொந்தப் பெயரில்தான். சங்கம் தொடங்கிய நாளான ஆகஸ்ட் 28தான் 2015 முதல் அமீரக மகளிர் தினம்.

மணமான பின்னும் தந்தையின் பெயரோடு நிற்கும் இந்த வழக்கம் தமிழர்களான நம்மிடமும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, இராசராசனின் தமக்கையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்று சொல்லிவிட்டு, ‘பராந்தகன் குந்தவையார்’ என்று பெயர் பொறிக்கிறது. பராந்தகன் என்பது தந்தை சுந்தர சோழரின் பெயர். திருமணமாகி அரசியானவருக்கும் அப்பாவின் பெயர் அவர் பெயரோடு ஒட்டியே நின்றது.

இங்கே நம் வீடுகளில் கல்யாணம் முடிந்த கையோடு, மகளின் இனிஷியலை மாற்றப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் தேடுகிறோம். இந்தியச் சட்டம் அப்படி மாற்றச் சொல்லவில்லை. மாற்றினால், பட்டச் சான்றிதழில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயருமாகி, அவள் வேலைக்குப் போகும் நாளில் சான்றிதழ் அட்டஸ்டேஷனுக்கு அலைய நேரும். கணவரின் பெயரை எழுத அந்த விண்ணப்பத்திலேயே தனி இடம் இருக்கிறது. மருமகனின் பெயரை அங்கே எழுதுங்கள். அவள் பெயர் அப்படியே இருக்கட்டும்.