சீட்டின் விலையும் அன்பின் விலையும்

'நுகர்தல்' என்பது தமிழில் பழமையான சொல். மணத்தை நுகர்தல், இன்பத்தை நுகர்தல் என்று துய்த்து மகிழ்வதையே அது குறித்து வந்தது. இக்காலத்திலோ 'நுகர்வோர்' என்றால் பொருளை விலைகொடுத்து வாங்குவோர் என்று ஆகிவிட்டது. ஒரு சொல்லில் நேர்ந்த இம்மாற்றம் வாழ்க்கையில் நேர்ந்த மாற்றத்தின் நிழலே எனலாம். துய்ப்பவன் எப்போது வாங்குபவன் ஆகிறான்? ஆனபின் அவனுக்கு எஞ்சும் உரிமை யாது? இவ்வினாக்களை ஆராய, அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டமும் அதனைக் காணச் செல்லும் சுவைஞரும் நல்லதோர் எடுத்துக்காட்டாவர்.

பேஸ்பால் தொடக்கத்தில் திறந்த வெளியில் ஆடப்பெற்றது. வழியே செல்வோரும் நின்று கண்டனர். 1862ஆம் ஆண்டில் புரூக்ளின் நகரின் யூனியன் மைதானத்தைச் சுற்றி வேலி எழுந்தது. உள்ளே செல்ல 10 சென்ட் கட்டணம். 1869இல் சின்சினாட்டி அணி ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாகவே ஊதியம் தந்து களம் இறங்கிற்று. 1876இல் தோன்றிய நேஷனல் லீக் 50 சென்ட் கட்டணத்தை வழக்கமாக்கியது. 1882இல் அதற்குப் போட்டியாக எழுந்த அமெரிக்கன் அசோசியேஷன் 25 சென்டுக்கே தொழிலாளரை வரவேற்றது. ஆகவே ஆட்டத்துக்கு விலை வைத்தல் இன்றைய வணிகர் கண்ட புதுமை அன்று. ஆடுபவனுக்கும் வயிறு உண்டு. புல்வெளியைப் பேணவும் பொருள் வேண்டும். விலை வைத்ததில் குற்றம் காண்பதற்கில்லை. எதற்கு வைக்கிறோம், எந்த அளவுக்கு வைக்கிறோம் என்பவையே அறவியல் வினாக்கள்.

இன்று குடும்பத்தோடு ஆட்டம் காணச் செல்பவரின் செலவு நுழைவுச் சீட்டோடு முடிவதில்லை. வண்டி நிறுத்தக் கட்டணம், உணவு, பானம், குழந்தைகளுக்கு அணியின் சின்னம் பொறித்த தொப்பி என்று அது வளர்கிறது. சீட்டின் விலையும் நிலையாக நிற்பதில்லை. 2010இல் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி, தன் அரங்கம் முழுவதற்கும் நாளுக்கு நாள் மாறும் விலையைக் கொண்டு வந்தது. எதிரணி எது, வானிலை எப்படி, வாரத்தின் எந்த நாள் என்பவற்றுக்கேற்ப விலை ஏறும், இறங்கும். பிற அணிகளும் இவ்வழியைப் பின்பற்றின. ஆவல் மிகுமிடத்து விலையும் மிகும் என்பதே இம்முறையின் உட்பொருள்.

இதில் அநீதி என்ன என்று கேட்பார் உளர். மெய்யியலறிஞர் ராபர்ட் நோசிக், 1974இல் வெளிவந்த தம் நூலில், வில்ட் சேம்பர்லின் என்னும் கூடைப்பந்து வீரரை எடுத்துக்காட்டினார். பத்து லட்சம் பேர் தாமே விரும்பி ஆளுக்கு 25 சென்ட் தந்தால் அவ்வீரர் 2,50,000 டாலருக்கு உரியவர் ஆகிறார். கொடுத்தவர் எவரும் வற்புறுத்தப்படவில்லை. எனவே எவர்க்கும் முறையீடு இல்லை என்பது அவர் வாதம். சமத்துவக் கொள்கையை மறுப்பதற்கு அவர் கூறிய இவ்வாதம் சீட்டு விலைக்கும் பொருந்துவது போலத் தோன்றும்.

ஆனால் 'விரும்பி' என்னும் சொல்லைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். கத்தரிக்காய் விலை ஏறினால் வெண்டைக்காய் வாங்கலாம். தந்தை கைபிடித்து அழைத்துச் சென்று காட்டிய அணியை, விலை ஏறியது என்பதற்காக மாற்றிக்கொள்ள எவராலும் இயலாது. மேலும், வேறு அணியை நாட அவ்வூரில் வழியும் அரிது. பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது என்றும், ஆகவே முற்றுரிமைத் தடைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்றும் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1922இல் தீர்ப்பளித்தது. 1972இல் அவ்விலக்கை மீண்டும் நிலைநிறுத்தியது. 1998இல் வந்த சட்டம் ஆட்டக்காரர் வேலை தொடர்பான அளவிலேயே அதனைத் தளர்த்திற்று. நீதிமன்றத்தில் அத்தகு வணிகம் ஆகாதது, சீட்டு விற்கும் சாளரத்தில் முழு வணிகமாக நிற்கிறது! அன்பால் கட்டுண்டவனின் இசைவும் கட்டற்றவனின் இசைவும் ஒன்றாகா.

இவ்வுண்மையை அத்லெட்டிக்ஸ் என்னும் அணியின் வரலாறு விளக்கும். பிலடெல்பியா நகரில் அவ்வணி ஆடிய ஷைப் பார்க் அரங்கின் எதிரே, இருபதாம் தெருவில் வாழ்ந்தோர் தம் மாடிகளில் இருக்கைகள் அமைத்துக் கட்டணம் பெற்று ஆட்டம் காட்டினர். 1935இல் அணியினர் மதிலை உயர்த்தி அக்காட்சியை மறைத்தனர். மக்கள் அதற்கு 'வன்மச் சுவர்' என்று பெயரிட்டனர். மாடி வீட்டார் பிறர் உழைப்பைத் தம் பொருளாக விற்றனர் என்பதும் மெய்யே. எனினும், மதிலை உயர்த்தியதால் அணி நிலைபெற்றுவிடவில்லை. 1954ஆம் ஆண்டோடு அது பிலடெல்பியாவை நீங்கிக் கன்சாஸ் சிட்டிக்கும், 1968இல் ஓக்லண்டுக்கும் சென்றது.

ஓக்லண்டில் 1972, 1973, 1974 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகத் தொடரை வென்ற அணி அது. பின்னாளில் சிறந்த ஆட்டக்காரரை வேறு அணிகளுக்கு அனுப்பியது. வேற்றூருக்குக் குடிபெயரவும் முனைந்தது. 2022இல் ஆட்டம் காண வந்தோர் சராசரியாகப் பத்தாயிரவரும் இல்லை. 'வருவார் இல்லை, ஆகவே போகிறோம்' என்பதற்கு மறுமொழியாக, 2023 ஜூன் 13 அன்று சுவைஞர்கள் 27,759 பேர் திரண்டனர். அணியை விற்றுவிடுமாறு உரிமையாளரைக் கோரும் ஒற்றைச் சொல் பொறித்த சட்டையைப் பலர் அணிந்திருந்தனர். தம் மனக்குறையைச் சொல்வதற்கும் அவர்கள் சீட்டு வாங்கவேண்டியிருந்தது! அதே மாதத்தில் நெவாடா மாநிலம், லாஸ் வேகஸ் நகரில் அவ்வணிக்கு அரங்கம் எழுப்ப 380 மில்லியன் டாலர் வரை பொதுநிதி வழங்க வகைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 2024ஆம் ஆண்டோடு அணி ஓக்லண்டை விட்டகன்றது.

சீட்டின் விலை அன்றைய ஆட்டத்தோடு தீர்ந்துவிடும். அதற்கு ஈடாக ஆட்டத்தைக் கண்டாயிற்று. ஐம்பதாண்டு கால நம்பிக்கைக்கு எந்தச் சாளரத்தில் ஈடு கேட்பது? சுவைஞன் தரும் செலவில் பணம் சிறு பகுதியே. காலமும் பற்றும் தலைமுறை நினைவும் பெரும்பகுதி. வணிகம் முன்னதைக் கணக்கில் எழுதுகிறது. பின்னதை முதலாகக் கொண்டு ஈட்டுகிறது. பற்றை முதலாகக் கொண்டவர்க்குப் பற்றுக்குரிய கடமையும் உண்டு என்பதே நாம் கொள்ளத்தகும் முடிவு.

அக்கடமையுள் ஒன்று, ஏழைக்கு வாயிலை அடைக்காமை. 1965இல் திறந்த ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் செல்வர்க்கென உயரத்தில் தனியறைகள் அமைந்தன. முன்பு அரங்கில் முதலாளியும் தொழிலாளியும் அருகருகே அமர்ந்தனர். மழை வந்தால் எல்லாரும் நனைந்தனர். அந்தக் கலப்பு மறைந்து வருவதை மைக்கேல் சாண்டெல் 2012இல் வெளியிட்ட நூலில் சுட்டி வருந்துகிறார். ஒரே அணிக்காகக் கைதட்டியும் ஒருவரை ஒருவர் காணாத மக்கள் எங்ஙனம் ஓர் ஊரினர் ஆவர்?

மாறிவரும் விலைக்கு வழிகாட்டிய அதே சான்பிரான்சிஸ்கோ அணியின் அரங்கில் வேறொரு காட்சியும் உண்டு. 2000இல் திறந்த அவ்வரங்கின் வலப்புற மதிலில் கடற்கரை நடைபாதையை நோக்கி வளைவுத் திறப்புகள் விட்டிருக்கின்றனர். வழிப்போக்கர் காசின்றி அங்கே நின்று ஆட்டம் காணலாம். கூட்டம் மிகுந்தால் மூன்று இன்னிங்ஸ் கண்டபின் பிறருக்கு இடம் விடவேண்டும். அத்திறப்புகளால் அணி வறுமையுற்றதாக எவரும் கூறவில்லை. மதில் எழுப்புதல் வணிகத்தின் தேவையாக இருக்கலாம். அதில் ஒரு திறப்பு விடுதல் அறத்தின் தேவை. உள்ளே அமர்ந்தவன் மட்டுமே சுவைஞன் அல்லன். வெளியே நிற்பவனும் நுகர்பவனே, அச்சொல்லின் பழைய பொருளில்.