அப்பா போட்ட கையெழுத்து எதற்கு?

திருவேங்கடத்துப் பெண் ஒருவர் நர்ஸ் வேலைக்குக் கனடா போகிறார், எட்டு வயது மகளும் கூடப் போகிறாள், கணவர் ஊரிலேயே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி என்ன தடை என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வார்கள். அந்தக் கையெழுத்து எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சிறுவர் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் கொடுப்பது ‘அனெக்சர் டி’ என்ற உறுதிமொழித் தாள். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், பாஸ்போர்ட் வழங்கச் சம்மதம், கீழே இருவர் கையெழுத்து. 2016 டிசம்பரில் விதிகள் தளர்ந்த பிறகு வெள்ளைத்தாளே போதும், நோட்டரி முத்திரையும் வேண்டாம். பிள்ளை எந்த நாட்டுக்குப் போகிறது, யாரோடு, திரும்பி வருமா என்ற எதுவும் அதில் இல்லை. பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மட்டுமே அது சம்மதம்.

கணவர் கையெழுத்துப் போட மறுத்தால், அல்லது விட்டுப்போய் ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால், ‘அனெக்சர் சி’ இருக்கிறது. மற்றவர் சம்மதம் ஏன் இல்லை என்று தாய் ஒருவரே எழுதிக் கொடுக்கலாம். அதில் பொய் சொன்னால் 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 12ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. கைவிடப்பட்ட பெண்களுக்கு இந்த வழி கிடைத்தது பெரிய விஷயம். 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் குழந்தைக்குத் தந்தையையே முதல் காப்பாளராக வைத்திருந்தது. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது அப்பாவின் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். அவர் தொடுத்த வழக்கில்தான், தந்தை பொறுப்பெடுக்காத நிலையில் அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளராகலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

குடிபெயர்வுக்கான கேள்வியை எழுப்புவது போய்ச்சேரும் நாடு. நிரந்தர வசிப்புரிமைக்கு, உடன் வராத பெற்றோரிடம் கனடா தனியாக ஓர் உறுதிமொழிப் படிவம் கேட்கிறது. பிள்ளை அங்கே குடியேறச் சம்மதம் என்று அப்பா அதிகாரம் பெற்றவர் முன்னால் கையெழுத்திட வேண்டும், அடையாள அட்டை நகலும் இணைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். பிரிட்டனுக்குத் தாய் மட்டும் போனால், பிள்ளையின் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று பொதுவாக நிரூபிக்கச் சொல்வார்கள். அப்பாவின் சம்மதக் கடிதம் மட்டும் அங்கே போதாது.

விவாகரத்து ஆனவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘குழந்தை தாயிடம் இருக்கும்’ என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தால் வெளிநாட்டுக்கும் கூட்டிப்போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நீதிமன்றம் நியமித்த காப்பாளர் அதன் அனுமதியின்றிப் பிள்ளையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 26ஆம் பிரிவு. வெளிநாட்டில் குடியேறும் அனுமதியை மனுவிலேயே தனியாகக் கேட்டு வாங்குவதுதான் என் பார்வையில் பாதுகாப்பு.

சம்மதமில்லாமல் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஒப்புதலின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளையை விரைவில் திருப்பி அனுப்ப 1980இல் ஹேக் ஒப்பந்தம் வந்தது. இலங்கை 2001இலேயே சேர்ந்துவிட்டது. தேவகோட்டையில் பிறந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தலைமையிலான சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தும் இந்தியா சேரவில்லை. விளைவு என்னவென்று ஒரு கோவை வழக்கு காட்டியது. பிரிட்டனில் வாழ்ந்த தாய் 2012இல் இரண்டு மகள்களுடன் கோவைக்கு வந்து விவாகரத்து கேட்டார். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது பிரிட்டன் நீதிமன்றம். 2013இல் தந்தையின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் தந்தை பக்கம் நின்றது. 2017இல் டெல்லி வழக்கு ஒன்றில் மூன்று நீதிபதிகள் அந்தப் பார்வையை ஏற்காமல், பிள்ளையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு பல காரணிகளில் ஒன்றுதான் என்றார்கள். நலனை முன்னிறுத்தியது சரியே. ஆனால் அந்த நலன் எது என்று வாதாடி முடிப்பதற்குள் பிள்ளைக்குப் பல வகுப்புகள் தாண்டிவிடும்.

ஆகவே சம்மதத்தை விரிவாக எழுத வேண்டும். கோடை விடுமுறைக்கு யார் செலவில் ஊருக்கு வருவது, அப்பாவுடன் எப்போது பேசுவது என்பதுவரை. டொரன்டோவில் மாலை நாலு மணிக்குப் பள்ளிவிட்டு மகள் வரும்போது திருவேங்கடத்தில் நள்ளிரவு ஒன்றரை அல்லது இரண்டரை. பேச ஏற்ற நேரம் டொரன்டோவில் காலை ஏழு மணிதான். இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும். எட்டு வயதில் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். பதின்மூன்று வயதில் கனடாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் புதுப்பிக்கும்போதும் பெற்றோர் இருவர் சம்மதத்தையும் கேட்பார்கள்; அப்போது அப்பா எத்தனை நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்புவார் என்பதை இப்போதே குறித்துவைக்க வேண்டும்.