கருணைத் தொகை யாருடைய கடன்?

தீபாவளி நெருங்கிவிட்டால் நீலகிரியில் பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குள் ஒரே பேச்சுதான். இந்த வருசம் எத்தனை சதவீதம்? பேச்சுவார்த்தை முடிந்து அறிவிப்பு வரும்போது அந்த எண் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து வருகிறது. 8.33 சதவீதம் போனஸ். அதற்கு மேல் உள்ளது கருணைத் தொகை. வாங்குகிறவர் கையில் இரண்டும் ஒரே பணம்தான். சொற்கள் மட்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. ஒன்று சட்டப் புத்தகத்தில் பிறந்தது, மற்றது சாமி சந்நிதியில்.

8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். 1965-ஆம் ஆண்டு வந்த போனஸ் சட்டம், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்தபட்ச போனஸைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த அந்த அளவு பிறகு 8.33 ஆனது; உச்சவரம்பு 20. நட்டத்தில் இருக்கிறவர் எங்கிருந்து கொடுப்பார் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குறைந்தபட்ச போனஸ் செல்லும் என்று 1966-ல் தீர்ப்பு வந்தது.

மிச்சப் பங்கின் கதை வேறு. 2019-ல் தமிழக அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றில் 20 சதவீதம் தரப்பட்டது: 8.33 போனஸ், 11.67 கருணைத் தொகை. கொரோனா வந்த 2020-ல் அது 10 ஆனது. போனஸ் அதே 8.33, கருணை மட்டும் 1.67-க்கு இறங்கியது. அந்தத் தொகையோ 2019–20 கணக்காண்டுக்கு உரியது. நோய் நாட்டை முடக்குவதற்கு முன்பே அந்த ஆண்டின் வேலை ஏறக்குறைய முழுதும் நடந்து முடிந்திருந்தது. உழைப்பை முழுசாக வாங்கிக்கொண்ட பிறகு அதன் பலனில் ஒரு பகுதிக்குக் கருணை என்று பெயர் வைப்பது சரியா?

கேரளத்து மலையான மூணாறில் 2015 செப்டம்பரில் இதே கேள்வி தெருவுக்கு வந்தது. லாபம் குறைந்துவிட்டது என்று சொல்லி கண்ணன் தேவன் நிறுவனம் போனஸை 10 சதவீதமாக்கியது. பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தங்கள் பெயரில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. அவர்கள் இயக்கத்துக்கு ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போது பிறந்ததுதான். ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 20 சதவீதம் கிடைத்தது. ஒப்பந்தம் அதை எழுதிய விதம்: 8.33 போனஸ், 11.67 கருணைத் தொகை.

வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து, போராடி வாங்கிய பணத்துக்கும் அதே பெயர்! இத்தனைக்கும் கண்ணன் தேவன் 2005-ல் தொழிலாளர்களையே பங்குதாரர்களாகக் கொண்டு உருவான நிறுவனம். தங்கள் கம்பெனியிடமிருந்தே அவர்கள் கருணை பெற வேண்டியிருந்தது.

சைவம் சொல்லும் திருவருள் கேட்டு வாங்குவதல்ல, கணக்குப் பார்த்து வருவதும் அல்ல. பேரம் பேசி, கையெழுத்துப் போட்டு, சதவீதத்தில் அளக்கிற ஒன்றுக்குக் கருணை என்ற சொல் பொருந்தாது. வள்ளுவர் அருளுடைமையைத் துறவறவியலின் முதல் அதிகாரமாக வைத்தார். கொடுக்கல் வாங்கலில் வாழும் இல்லறத்தாருக்கு அவர் வகுத்தது நடுவுநிலைமை. தராசும் வாணிகமும் வருவது அந்த அதிகாரத்தில்தான். தினமும் கொழுந்தை நிறுத்துக் கூலி வாங்கும் மலைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பைபிளில் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையும் இதைத்தான் தொடுகிறது. காலையில் வந்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். முந்தி வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. கடனில் குறை வைக்காமல்தான் தோட்டக்காரர் தன் பணத்திலிருந்து தாராளம் காட்டுகிறார். கடனையே தாராளம் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

தோட்ட நிர்வாகங்களின் பக்கத்திலும் உண்மை இருக்கிறது. குன்னூர் ஏலத்தில் விலையை வைப்பது அவர்கள் அல்ல. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்து நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டங்கண்டது. தொண்ணூறுகளின் கடைசியில் விலை சரிந்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. இல்லாத பணத்தைக் கொடுக்கச் சொல்வதும் நியாயமாகாது.

ஆனால் நட்டத்தைத் தாங்கும் தோள்கள் ஒரே பலம் கொண்டவை அல்ல. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது விமானப் பணிப்பெண்கள் சம்பள பாக்கியோடு நின்றார்கள். வேலை போனாலும் அவர்கள் குடியிருந்த வீடு கம்பெனியின் சொத்து அல்ல. எஸ்டேட்டில் வேலையும் லைன் வீடும் ஒரே முடிச்சு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் டேன்டீ. நட்டத்தைக் காரணம் காட்டி அதன் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-ல் அரசு முடிவெடுத்தபோது, கூடலூர், பந்தலூர் பக்கம் எழுந்த பயம் கூலியைப் பற்றியது மட்டுமல்ல. ஒருமுறை கடல் தாண்டி வந்த குடும்பம் இனி எங்கே போகும் என்ற பயம் அது.

ஆகவே மந்த காலத்துப் பேச்சுவார்த்தையில் மேசைக்கு முதலில் வர வேண்டியது கணக்குப் புத்தகம். எவ்வளவு நட்டம், எதனால், மேலே இருப்பவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பதைத் தொழிலாளியும் படித்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் அந்தக் குறைவு அவர் தோட்டத்துக்குக் கொடுத்த கடன். விலை ஏறும் வருடத்தில் திருப்பித் தர வேண்டியது என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். அப்படி எழுதினால் கருணை யார் பக்கமிருந்து வந்தது என்பதும் அதே தாளில் தெரியும்: விலை விழுந்த வருடத்திலும் விடியற்காலைக் குளிரில் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறியவர் பக்கமிருந்து.