ப்ரஸாத புஷ்பம் வாடிய பின்

உத்ஸவம் ஸேவித்து இல்லம் திரும்பும் அடியார்களின் கையில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று தளிகை ப்ரஸாதம். மற்றொன்று எம்பெருமானுக்குச் சாற்றிய திருமாலையில் ஒரு துண்டு. முன்னதைப் பற்றிக் குழப்பமில்லை. ஊர் போய்ச் சேருமுன்பே பாதி தீர்ந்துவிடும். பின்னதே க்ருஹஸ்தர்களைத் தர்மஸங்கடத்தில் ஆழ்த்துவது. முதல் நாள் அதனைக் கண்களில் ஒற்றிக்கொள்கின்றனர். மறுநாள் பூஜையறையில் ஆணியில் மாட்டுகின்றனர். மூன்றாம் நாள் அது சருகாகித் தொங்குகிறது. எறிய மனம் துணிவதில்லை; வைத்திருக்கவும் வகை தெரிவதில்லை. புதுமலராயிருந்தபோது அதற்குக் காட்டிய ஆதரம் வாடியபின் என்னவாகிறது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கத் தக்கதேயாகும்.

குன்னம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் அக்காடுகளினின்று, ஸ்ரீராமநவமியை ஒட்டி நடைபெறும் பெருந்திருவிழாவிற்காகக் கல்லங்குறிச்சிக் கலியுக வரதராஜப் பெருமாளை ஸேவிக்கச் செல்வோர் பலர். அதுவோ வெயில் ஏறும் காலம். பிளாஸ்டிக் பையில் திணித்து, பேருந்தின் ஜன்னலோரம் வைத்த மாலை உள்ளுக்குள்ளேயே வியர்த்து, வீடு சேருமுன் பழுப்பேறிவிடும். பழைய நாளில் வாழையிலையிலோ வாழைப்பட்டையிலோ பொதிந்தனர். ஈரத்துணி சுற்றி மண்பானையின் அருகில் வைத்தனர். அம்முறைக்கு இன்றும் குறைவில்லை. தண்ணீரை அள்ளித் தெளிப்பது கூடாது. ஈரம் தங்கிய இதழ் விரைவில் அழுகும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்போர், பழுத்த வாழைப்பழமும் ஆப்பிளும் இருக்கும் தட்டில் வைத்தல் ஆகாது. பழுத்த கனிகளினின்று எழும் எத்திலீன் என்னும் வாயு மலரை விரைந்து வாடச் செய்யும். மல்லிகை மாலையில் மலர்ந்து மறுநாள் நிறம் மங்கும் இயல்பினது. அதனைக் காப்பாற்ற முயல்வதினும் அன்றே பயன்படுத்துவது நன்று. கனகாம்பரம் மணமற்றதாயினும் நாள்பட நிற்கும். துளஸிக்கோ பழமை என்னும் தோஷமே சாஸ்த்ரத்தில் கூறப்படவில்லை. உலர்ந்த தளமும் தளமே. தாமரைக்கும் சில நாள் சலுகை உண்டு. அது எத்தனை நாள் என்பதில் நூலுக்கு நூல் கணக்கு வேறுபடும்.

இவையெல்லாம் பேணும் முறைகள். ஆயின் எதனைப் பேணுகிறோம்? மணத்தையும் நிறத்தையும் என்றால், கடைத்தெருவில் வாங்கும் முழத்துக்கும் இதற்கும் வேற்றுமையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் நாச்சியார் சூடிக் களைந்த மாலை, புரட்டாசி ப்ரஹ்மோத்ஸவத்தில் கருடஸேவையின் பொருட்டுத் திருமலைக்குச் செல்கிறது. சித்திரையில் கள்ளழகருக்காக மதுரைக்கும் செல்கிறது. அத்தனை தூரம் சென்று சேரும் மாலை பறித்த பொழுதின் புதுமையோடு இருக்க வழியில்லை. இருந்தும் அங்கே அப்பொழுது கட்டிய மாலைகளுக்கு இல்லாத ஏற்றம் அதற்கு உண்டு. ஏற்றம் பூவினால் வந்ததன்று; சூடியவளால் வந்தது. அங்ஙனமாயின் வாடுதலால் அது குறைவதும் இல்லை அன்றோ?

இதனை வைத்து, "எனில் நாமும் ப்ரஸாத மாலையை வீட்டுப் பெருமாளுக்குச் சாற்றலாமே" என்பாருளர். அது பொருந்தாது. ஒருமுறை ஸமர்ப்பித்தது நிர்மால்யம். அதனை மீண்டும் ஸமர்ப்பிக்க விதியில்லை. நாச்சியாரின் உரிமை நாச்சியாருக்கே உரியது. நிர்மால்யம் என்ற சொல்லைக் கேட்டதும் கழிவு என்று சிலர் எண்ணுவது அதனினும் பெரும்பிழை. எம்பெருமானுக்குத் திரும்பக் கொடுக்கலாகாது என்பதே அதன் பொருள். அடியார் ஏற்கலாகாது என்பதன்று. அவன் அணிந்து கழித்தவற்றைத் தாம் அணிந்து வாழ்வதை உத்தவர் தமது பேறாகக் கூறுவதை ஸ்ரீபாகவதம் பதினோராம் ஸ்கந்தத்தில் காணலாம். ஆகவே மாலையின் இடம் படத்தின் ஆணியன்று, மனிதரின் சிரஸு.

யாருடைய சிரஸு என்பதில்தான் வீடுகளில் மௌனமாக ஒரு கொடுமை நிகழ்கிறது. கோயிலிலிருந்து வந்த மாலையைப் பிரித்து மருமகளுக்கும் பேத்திக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுக்கையில், கணவனை இழந்த மூதாட்டி தானாகவே அடுக்களைப் பக்கம் விலகிச் செல்கிறாள். ஒருவரும் அவளை விலக்கவில்லை, ஒருவரும் அழைக்கவுமில்லை. அலங்காரத்துக்குச் சூடும் பூவைப் பற்றி முன்னோர் வகுத்த வழக்கத்தை ப்ரஸாதத்தின் மீது ஏற்றியதால் வந்த வினை இது. ஸந்நிதியில் சடாரி ஸாதிக்கையில் ஸுமங்கலி, விதவை என்று எவரும் வினவுவதில்லை. நம்மாழ்வாரின் திருநாமம் பெற்ற அந்தச் சடாரியை ஏற்ற சிரஸுக்கு, அதே ஸந்நிதியில் களைந்த ஒரு மலரை ஏற்கத் தகுதியில்லை என்பது எந்த ந்யாயம்? அவள் கூந்தலில் வைத்துக்கொள்ளத் தயங்கினால், கண்களில் ஒற்றிக்கொள்ளட்டும். உள்ளங்கையில் வைத்து முகரட்டும். அவளிடம் முதலில் நீட்டுவது வீட்டாரின் கடமை. பத்து நாள் குளிரில் வைத்து ஒருவரே காக்கும் மாலையினும், வந்த அன்றே ஒன்பது பேருக்குப் பிரிந்த மாலை நன்கு பேணப்பட்டதாகும். கால் நடை தளர்ந்து உத்ஸவத்துக்கு வர இயலாதவர் அந்த ஒன்பதின்மரில் இருத்தல் வேண்டும்.

எஞ்சியதும் வாடியதும் கால்படாத இடத்தில் சேர வேண்டும். திருமலையில் சாற்றிய மலர்களை எவருக்கும் கொடாது பூங்கிணற்றில் இடுவது மரபு. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2021ஆம் ஆண்டில், தன் நிர்வாகத்திலுள்ள கோயில்களில் சாற்றிய மலர்களைக் கொண்டு ஊதுவத்தி செய்து விற்கத் தொடங்கியது. வீடுகளில் கிணறு அருகிவிட்டது. ஓடும் நீரில் விடுக என்பர் பெரியோர். குன்னத்தார்க்கு வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் தொலைவு. அவற்றிலும் ஆண்டில் பல மாதம் மணலே ஓடுகிறது. ஏரியில் மூட்டையாக எறிவது மரியாதையும் ஆகாது, நீருக்கு நன்மையும் ஆகாது. கொல்லையில் ஒரு செடியின் அடியில் குழி தோண்டி இட்டு மண் மூடினால் போதும். கொல்லை இல்லாதார்க்கு ஒரு மண்தொட்டி.

மூடுமுன் நாரைப் பார்க்க வேண்டும். வாழைநாரில் தொடுத்ததாயின் அப்படியே இடலாம். இக்காலத்து மாலைகளில் நைலான் நூலும் ஜிகினாவும் கலந்து வருவதால், அவற்றைப் பொறுமையாக உருவி எடுத்தல் அவசியம். ஊரில் ஆடுமாடுகள் குப்பையைக் கிளறி மேய்வன. பூவாசனைக்கு வாய் வைக்கும் பசுவின் வயிற்றில் நூல் போய்ச் சேரும்.