முடிவுறாத ஏடு

நூல் ஒன்றை எழுதி முடிக்கும் தறுவாயில் பற்று எவ்வழியே புகும் என்பதை நாம் அண்மையில் கண்டுகொண்டோம். விடியலில் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிகம், அதன்பின் எழுத்து. இரண்டு பக்கம் எழுதினால் ஒன்றை அடித்துவிடுவோம். பக்கத்துப் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியேறும் நேரம் அது. சில நாள்களாகச் சாமாயிகத்திலேயே மனம் கடைசி அதிகாரத்தைப் புரட்டத் தொடங்கிற்று. எழுதுவது அறநூல்தானே என்று சமாதானம் கூறிக்கொண்டோம், பொருந்தாச் சமாதானம்!

அவ்வாரம் பெருந்துறையை அடுத்த விசயமங்கலம் சென்று, ஊரார் நெட்டைக் கோபுரம் என வழங்கும் சந்திரப்பிரபர் ஆலயத்தைத் தொழுதோம். பெருங்கதை பாடிய கொங்குவேளிர் அவ்வூரினர் என்பது கொங்குநாட்டு வழக்கு. உ.வே. சாமிநாதையர் 1924இல் அந்நூலைப் பதிப்பித்தபோது கிடைத்தது தலையும் கடையும் இழந்த ஏடே. உஞ்சைக் காண்டத்தின் தொடக்கம் இல்லை. நரவாண காண்டத்தின் இறுதியும் இல்லை. எந்த முடிவுக்காக வேளிர் உழைத்தாரோ, அம்முடிவையே நாம் அறியோம்.

எனில் முடித்துத்தான் என்ன பயன்? இவ்வினா நமக்கும் எழுந்தது. ஆனால் அது சோம்பலின் குரல் என்றே தோன்றுகிறது. இடையில் உள்ள அடிகளையும் அவர் குறையின்றிச் செய்தமையால் அன்றோ எஞ்சியதை இன்றும் சுவைத்துப் படிக்கிறோம்?

இப்போது கைப்பிரதியை வேறு அறையில் வைத்துவிட்டே சாமாயிகத்தில் அமர்கிறோம். இன்னும் பதினொரு பக்கம் பாக்கி.